மேல் பெர்த்திலிருந்து மாமனார் எழுதுவது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

அநேக ஆசீர்வாதம். முழங்கால் நீங்கலாக நான் இங்கே சௌக்கியம். அங்கே நீங்களும், என் மகளும், நான் இல்லாத தைரியத்தில் தினமும் கேட்டைத் திறந்து வரும் தபால்காரரும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் கழித்துத் திரும்ப வேண்டிய என் டிக்கெட்டை இந்த வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள். "வீட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் அடையாள அட்டை கேக்கறீங்களே மாமா, வெளிநாட்டுக்குத் தனியா போய் ஒரே ஒரு சிநேகிதரையாவது சம்பாதிச்சுட்டு வாங்க" என்று வழியனுப்பினீர்கள். ஐந்து நாள் ஆகிவிட்டது. சம்பாத்தியம் பூஜ்யம்.

நீங்கள் பிடித்துக் கொடுத்த ஹாஸ்டலில் ஒரே அறையில் எட்டுப் படுக்கை, ஒன்றின்மேல் ஒன்று, ஆணும் பெண்ணும் கலந்து. நுழைந்ததும் ரயில் பெட்டிக்குள் வந்துவிட்ட மாதிரி மனசு குளிர்ந்துபோச்சு. நம்பரைப் பார்த்தால் மேல் பெர்த். முப்பத்து நாலு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன், "சார், முழங்கால் வலி, கீழ் பெர்த் கிடைக்குமா" என்று கெஞ்சிய அத்தனை பேரிடமும் "சார்ட்ல என்ன இருக்கோ அதுதான்" என்று சொன்னவன், இப்போது எந்த வாயால் கேட்பது? ஏறிவிட்டேன். இறங்கத்தான் தெரியவில்லை. கீழ்ப் படுக்கை நர்ஸம்மா ஒரு காலையும் எதிர்ப் படுக்கை நெட்டைத் தச்சர் மறு காலையும் பிடித்து, ஆளுக்கொரு பக்கமாக இழுத்து இறக்கினார்கள். நன்றி சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால் இரண்டு பேரும் பல் தேய்க்கப் போய்விட்டார்கள்.

சரி, நாமே பேச்சுக் கொடுப்போம் என்று மறுநாள் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போனேன். எனக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதானே மாப்பிள்ளை? "எங்கேர்ந்து வர்றீங்க, எங்க போறீங்க, எத்தனாம் நம்பர்?" என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்ட தோரணையில் ஏழு பேரும் எழுந்து உட்கார்ந்து பாஸ்போர்ட்டை நீட்டிட்டாங்க. நீட்டினால் வாங்காமல் இருக்குமா பழகின கை? புரட்டிப் பார்த்து, தலையாட்டி, நோட்டில் டிக் போட்டேன். அன்றிலிருந்து நான் ஹாஸ்டல் அதிகாரி. வெந்நீர் வரவில்லை என்று தச்சர் என்னிடம் புகார் சொன்னார். நானும் போய் வரவேற்பு மேஜை அம்மாவிடம், தங்க வந்தவனாகத்தான், சொன்னேன். அரை மணியில் சரிசெய்துவிட்டார்கள். அறையிலோ "சார் சொன்னார், நடந்துடுச்சு" என்று பேராகிவிட்டது.

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் நான் சமையலறைக்குள் நுழைந்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. நர்ஸம்மா மேஜையைத் துடைக்க ஆரம்பிக்கிறார். சும்மா படுத்திருக்கிறவர்கள்கூட என்னைப் பார்த்ததும் கண்ணை மூடித் தூங்குவது போல் நடிக்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியலை மாப்பிள்ளை. முப்பத்து நாலு வருஷமா நான் பார்த்ததெல்லாம் அந்தத் தூங்கற மூஞ்சிதான். உண்மையைச் சொல்லிடலாம்னா, இருக்கிற மரியாதையும் போயிடுமேன்னு வாய் வரலை. ரிட்டயரானதிலேர்ந்து பேச ஆளில்லாமத்தான் அந்தத் தபால்காரரைப் பிடிச்சு வெச்சுக் கேள்வி கேட்டேன். இது உங்களோட இருக்கட்டும்.

ஆகவே வெள்ளிக்கிழமை. மகளிடம் நான் ஊர் சுற்றிக் களைத்துவிட்டதாக மட்டும் சொல்லவும். இருவரும் எந்நாளும் உறுதியான டிக்கெட்டோடு, கீழ் பெர்த்திலேயே, சகல க்ஷேமத்துடன் பயணம் போக ஆசீர்வதிக்கும்

மாமனார்.

பி.கு.: இதைப் போனில் படமெடுத்து அனுப்புவதற்குள், காலை பதினோரு மணிக்கு வரவேற்பு மேஜை அம்மா கையில் பட்டியலோடு அறைக்கே வந்துவிட்டார். "ஐயா, உங்க பதிவு நேத்து ராத்திரியோட முடிஞ்சுபோச்சே. இந்தப் படுக்கைக்கு வேற ஆள் வர்றாங்க" என்றார். இந்த ஹாஸ்டலில் முதல் ஆறு இரவு என்று என்னிடம் சொல்லிவிட்டு நீங்கள் ஐந்துக்குத்தான் பதிவு செய்திருக்கிறீர்கள்; அதைப் பிறகு பேசிக்கொள்வோம். டிக்கெட் இல்லாமல், மேல் பெர்த்தில், ஏழு பேர் முன்னால், நான்! என்ன செய்வதென்று தெரியாமல் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு தூங்குவது போல் நடித்தேன். குறட்டைகூட விட்டேன்.

முதலில் சிரித்தவர் தச்சர். பிறகு அறையே சிரித்தது. "அப்ப நீங்க அதிகாரி இல்லையா?" என்றார் நர்ஸம்மா. "ரயில்ல டிக்கெட் பாத்தவன்மா, அதுவும் ரிட்டயர்டு" என்றேன் போர்வைக்குள்ளிருந்து. பட்டியல் அம்மா நகரவில்லை. நர்ஸம்மா அவர் பக்கம் திரும்பி, "இவர் எங்களோட வந்தவர், இங்கதான் இருப்பார்" என்று ஒரு போடு போட்டார். ஏழு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். டிக்கெட் இல்லாதவருக்காக ரயிலில் சொல்லும் இந்த வசனத்தை ஆயிரம் தடவை கேட்டு ஒரு தடவையும் நான் நம்பினதில்லை. எனக்காக ஒருத்தர் சொல்லி இன்றைக்குத்தான் கேட்டேன். அழுதுட்டேன் மாப்பிள்ளை.

வருகிறவருக்குப் பக்கத்து அறை என்று முடிவாயிற்று. நர்ஸம்மா தன் கீழ்ப் படுக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு மேலே ஏறிவிட்டார். சார்ட்டில் இல்லாத மாற்றம், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்கு எட்டுப் பேருமாக ரயிலேறி ஏரி பார்க்கப் போகிறோம். எல்லோர் டிக்கெட்டும் என் கையில்தான்.

டிக்கெட்டை மாற்ற வேண்டாம். பி.கு. வரை படிக்காமல் மாற்றித் தொலைத்திருந்தால், வெள்ளிக்கிழமை நீங்கள் எத்தனை தடவை போன் செய்தாலும் நான் தூங்கிக்கொண்டுதான் இருப்பேன்.