அறுபது குளிசை அதிகம்

அறுபது குளிசை அதிகமாக இருந்தது.

சுதாகரன் மூன்றாம் முறையும் எண்ணிப் பார்த்தான். புத்தகத்தில் நாலாயிரம். காய்ச்சல் குளிசை டப்பாவில் நாலாயிரத்து அறுபது. தேன்மலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் மருந்தாளருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

வெள்ளிக்கிழமை நுவரெலியாவிலிருந்து அதிகாரி நிஷாந்தி வருகிறார். மருந்து விநியோகம் முழுவதும் கணினிக்கு மாறப்போகிறது. முதலில் ஒரே ஓர் ஆஸ்பத்திரியில்தான் தொடங்குவார்கள். புத்தகமும் டப்பாவும் ஒத்துப்போகிற இடத்துக்கே அந்த வாய்ப்பு. சுதாகரன் மூன்று மாதமாக அந்த நினைப்பிலேயே இருந்தான்.

"அக்கா, அது எப்படி வேலை செய்யும் தெரியுமா?" என்று களஞ்சியத்தைக் கூட்டிக்கொண்டிருந்த காளியாயியிடம் ஆரம்பித்தான். "நாம இங்க பத்து குளிசை குடுத்தா, அந்த நிமிசமே கொழும்புக் கணக்குல பத்து குறையும். ஒரு அளவுக்குக் கீழ போச்சுன்னா நாம கேக்காமலே லொறி கெளம்பிரும். மருந்து முடிஞ்சிருச்சுன்னு யாரையும் வெறுங்கையோட அனுப்ப வேணாம்!"

"கொழும்புல இருந்தே நம்ம டப்பா தெரியுமாங்க சேர்?"

"தெரியும்!"

"அப்ப மூடியத் தொறந்தே வைக்கவா?"

சுதாகரன் பொறுமையாக மறுபடியும் விளக்கினான். காளியாயி தலையாட்டிக்கொண்டே கூட்டினார்.

அன்று முப்பது பேருக்குக் காய்ச்சல். ஆளுக்கு இரண்டு குளிசை, புத்தகத்தில் எழுதாமல், கூடுதலாகப் போட்டான். முப்பது இரண்டு அறுபது. கணக்குத் தீர்ந்தது!

புதன்கிழமை எண்ணினான். தொண்ணூற்றைந்து அதிகம்.

"குட்டி போடுதா என்ன?" என்று டப்பாவைப் பார்த்துக் கேட்டான்.

வியாழக்கிழமை அந்தத் தொண்ணூற்றைந்தையும் பையில் கட்டி அம்புலன்ஸ் ஓட்டுநர் கந்தப்பனிடம் கொடுத்தான். அடுத்த மலை ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருக்கும் சின்னராசா இவனுக்கு சீனியர், வாங்கிக்கொள்ள மறுக்கமாட்டார்.

மாலையில் கந்தப்பன் இரண்டு பைகளோடு திரும்பினார்.

"ஒன்னுதானே குடுத்தேன்?"

"அவருக்கும் நாளைக்கு செக்கிங்காம் தம்பி. அங்கயும் முந்நூறு கூடக் கெடக்காம். 'சுதாகரன் நல்ல பய, சமாளிச்சுக்குவான்'னு குடுத்துவிட்டாரு."

வெளியே வீசினால் யாராவது பார்ப்பார்கள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் டப்பாவில் கொட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை நிஷாந்தி தானே எண்ணினார். சுதாகரன் பக்கத்தில் நின்று மனதுக்குள் கணக்குப் போட்டான். முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து அதிகம் வர வேண்டும். நானூற்று இருபது வந்தது. அந்த இருபத்தைந்து எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"வேலை போச்சா மேடம்?"

நிஷாந்தி சிரித்துவிட்டார். "எல்லா எடத்துலயும் குறையுறதத்தான் பாத்திருக்கேன். கூடுறத இப்பதான் பாக்குறேன். மருந்தத் திருடாத ஆஸ்பத்திரின்னு மட்டும் நல்லாத் தெரியுது!"

சுதாகரனுக்கு உயிர் திரும்பியது.

"ஆனா ஒன்னு. இந்த சிஸ்டத்துக்கு ரெண்டே பாதைதான். நாங்க அனுப்புறது உள்ள வரும், நோயாளிக்குக் குடுக்குறது வெளிய போகும். மூணாவதா ஒரு பாதை இருந்தா எல்லாக் கணக்கும் பிழையாப் போயிரும். அப்படி எதுவும் இல்லைன்னு நீங்க உறுதியாச் சொன்னா, திங்கக்கிழமையே இங்க தொடங்கிரலாம்."

சின்னராசாவின் பையை மனதுக்குள் விழுங்கிக்கொண்டு சுதாகரன் நிமிர்ந்து நின்றான். "மூணாவது பாதையே இல்ல மேடம்! நான் பொறுப்பு!"

கதவைத் தள்ளிக்கொண்டு காளியாயி உள்ளே வந்தார். கையில் ஒரு சீனிப் பை.

"சேர், லயத்து வீடுகள்ல இருக்கிற ஆளுங்க காச்சல் விட்டதும் மிச்சக் குளிசையத் திருப்பிக் குடுத்தாங்க. நீங்க ரெண்டு ரெண்டு கூடப் போட்டதுல இந்த வாரம் நெறையாவே சேந்திருச்சு. எப்பவும் போல டப்பாவுல கொட்டிரவா?"