கீழ்மடைத் தொகுதியின் மூன்று தேர்தல்கள்

பங்குனி மூன்றாம் வெள்ளி, காலை ஒன்பது மணிக்குக் கீழ்மடைத் தொகுதி பிறந்தது.

செந்திட்டு நாட்டில் தொகுதிக்கு ஓர் உறுப்பினர். வாய்க்காலில் தண்ணீர் விடுவதும் நிறுத்துவதும் அவர் உரிமை. தலைமை அமைச்சர் மகுடபதியின் மைத்துனருக்குத் தொகுதி இல்லை. அந்தக் குறை தீரவே கீழ்மடையை உண்டாக்கினார்கள்.

கத்தரித் தோட்டம் காய்ந்துகொண்டிருந்த வேலாயி தேர்தலில் அவரை எதிர்த்து நின்றாள். வென்றாள்.

அமைச்சர் எல்லை அதிகாரியை அழைத்தார்.

“மக்கள் தவறிவிட்டார்களா?”

“மக்கள் தவறுவதில்லை, ஐயா. கோடு தவறிவிட்டது. நமக்கு வாக்களிக்காத தெருக்கள் உள்ளே வந்துவிட்டன.”

தெருவுக்கு ஒரு வாக்குப் பெட்டி வைப்பது அந்நாட்டு வழக்கம். எனவே எந்தத் தெரு யாருக்கு வாக்களித்தது என்று அதிகாரிக்குத் தெரிந்திருந்தது.

“எங்கே தள்ளலாம்?”

“தங்கள் மேல்மடைக்கு. அங்கே தங்களை எதிர்த்து யாரும் நின்றதே இல்லை. வாக்குகள் பத்திரமாக உறங்கும்.”

தேர்தல் செல்லாது என்று ஆணை வந்தது. வேலாயியின் தெரு மேல்மடைக்குப் போனது. அதற்குத் தண்ணீரும் நின்றது. மறுதேர்தலில் மிச்சமிருந்தவர்கள் அவள் நாத்தனார் பொன்னுருவியை நிறுத்தி வென்றார்கள். அதுவும் செல்லாது. அந்தத் தெருக்களும் போயின.

வெறும் குடங்களோடு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

“நாம இப்ப எந்தத் தொகுதி, மதினி?”

“அமைச்சர் தொகுதிடி. பெரிய எடம்.”

“பெரிய எடத்துல தண்ணி வராதோ?”

“எதுத்து நின்னாத்தான் வரும். நிக்கட்டுமா?” என்றாள் வேலாயி.

ஆனியில் நாடு முழுவதற்கும் தேர்தல். கீழ்மடையில் மைத்துனரின் மாளிகை மட்டுமே மிஞ்சியிருந்தது. அவர் போட்டியின்றி வென்றார். வாணவேடிக்கை நடந்தது.

மேல்மடையில் வேலாயி நின்றாள். வெட்டி ஒட்டிய தெருக்கள் எல்லாம் வரிசையில் நின்றன. வாக்குச்சீட்டையே பார்த்திராத பழைய தெருக்களும் ஆசையோடு வந்தன. பெட்டிக்குப் பெட்டி அவளே முந்தினாள்.

அன்றே மதகைத் திறந்தாள். தண்ணீர் கத்தரிப் பாத்திவரை ஓடியது. ஜனங்கள் உடுத்திய துணியோடு வாய்க்காலில் குதித்தார்கள். ஒரு வீட்டுக்கு ஓர் உறுப்பினர் கட்டுப்படியாகாது என்று புதிய சபை கீழ்மடைத் தொகுதியைக் கலைத்தது.

எல்லைக் கற்களைப் பிடுங்க அதிகாரி வந்தார். பின்னால், தோற்றுப்போன மகுடபதி வெயிலில் நின்றார். முழங்கால் தண்ணீரில் நின்றபடி வேலாயி கேட்டாள்:

“வாங்கய்யா. எங்கள அடுத்து எந்தத் தொகுதிக்குத் தள்ளப்போறீங்க?”