முதலாளிக்கு விலை சைபர்

முதலாளியின் முதுகில் சைபர் ஒட்டியிருந்தது. இடுப்புக்கு ஒரு சாண் மேலே, வெள்ளைச் சட்டையில் மஞ்சள் ஸ்டிக்கர். ஆறு வயதுப் பெண்ணின் கைக்கு அவ்வளவுதான் எட்டும்.

பார்த்ததும் சூப்பர்வைசர் காதிலிருந்த ஃபோனை வைத்தார். இந்த மின்சாதனக் கடையில் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறார். புதுக் கிளைக்கு மேனேஜர் யார் என்று முதலாளி இன்று மதியம் வாய் திறக்கப்போகிறார். இந்த நேரம் பார்த்தா!

எல்லாம் அவரே இழுத்துவிட்டுக்கொண்ட வினை. பள்ளி விடுமுறை என்று மகளைக் கடைக்குக் கூட்டிவந்தார். "காசோட அருமை தெரியணும் குட்டி. கண்ணுல படுற எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கு" என்று விலை ஒட்டும் மிஷினைக் கையில் கொடுத்துவிட்டு ஃபோனில் மூழ்கினார். குட்டி மிக்சிக்கு ஒட்டினாள். மின்விசிறிக்கு ஒட்டினாள். சாமான் தீர்ந்ததும் ஆட்களுக்குத் தாவிவிட்டாள்.

ஓடிப்போய் முதலாளியின் முதுகைத் தடவினார் சூப்பர்வைசர்.

"என்னய்யா, காலங்காத்தால தட்டிக்குடுக்கிறே?"

"தூசி முதலாளி."

ஸ்டிக்கரா அது! அந்தப் பசையில் யானையைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். நகத்தால் சுரண்டினார். ஓரமெல்லாம் கிழிந்தது, சைபர் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றது.

"தூசி தட்டுறியா, முதுகு சொறியிறியா?"

சைபருக்கு மேலேயே பெரிய தொகையாக ஒட்டிவிட்டால்? கல்லா மேல் கிடந்த இன்னொரு மிஷினை எடுத்து 99,999 அடித்து, "இன்னும் கொஞ்சம் தூசி" என்று அழுத்தினார். அவசரத்தில் சுருளைக் கவனிக்கவில்லை. அது தள்ளுபடிச் சுருள்.

ஃபிரிட்ஜ் பார்க்க வந்த பெரியம்மா ஒருவர் முதலாளியின் முதுகை நிதானமாகப் படித்தார். "பழைய சரக்கு, பாதி விலைன்னு போட்டிருக்கே. இன்னும் குறைப்பீங்களா தம்பி?"

முதலாளி சட்டையைக் கழற்றிப் பார்த்தார். பனியனோடு நின்றபடி மேல் ஸ்டிக்கரைப் பிய்த்தார். கீழே சைபர்.

"எல்லாரும் திரும்புங்கடா!"

கேஷியர் முதுகில் சைபர். டிரைவர் முதுகில் சைபர். தரை துடைக்கும் அம்மாவின் முதுகிலும் அதே சைபர்.

"நீயும் திரும்புய்யா."

சூப்பர்வைசர் திரும்பினார். 32,000.

"அப்போ நான் சைபர். நீ மட்டும் முப்பத்திரண்டாயிரம்?"

உண்மையைச் சொன்னால், அந்தக் களேபரத்திலும் சூப்பர்வைசரின் நெஞ்சு அரை அங்குலம் நிமிரத்தான் செய்தது. பெத்த பொண்ணு அப்பனை மதிச்சிருக்காளே! மறுநொடியே வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை மறைக்க மகள் மேல் பாய்ந்தார்.

"ஆளுக்கு ஏத்த மதிப்பு தெரிய வேணாமா? முதலாளியும் தரை துடைக்கிறவங்களும் ஒண்ணா? அவங்களுக்குச் சைபர் போட்டேன்னா சரி, ஐயாவுக்குப் போய்..."

பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். தரை துடைத்த கை நின்றுவிட்டது. கேஷியர் கல்லாவுக்குள் எதையோ தேடினார். குட்டி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அந்த அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். சூப்பர்வைசருக்குக் காதுமடல் இரண்டும் கொதித்தன. அதில் ஒரு குடம் தண்ணீர் சுட வைத்திருக்கலாம்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார், தரையைப் பார்த்து.

"பரவால்ல சார்." அந்த அம்மா குட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தார். "ஆளுங்களுக்கு என்ன விலைன்னு பாப்பா எங்கிட்டதான் வந்து கேட்டுச்சு. மனுஷங்க விக்கிறதுக்கு இல்ல கண்ணு, சைபர் போடுன்னேன், எல்லாருக்கும் போட்டுச்சு. உங்களை மட்டும் நேரா கேட்டிருக்கு, நீங்கதான் ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டே 'மாசம் முப்பத்திரண்டாயிரம், கமிஷன் தனி, அப்பதான் உங்க கடைக்கு வருவேன்'னு சொன்னீங்களாம்."