கொள்ளிடத்துச் சந்தன ஊற்று

கொள்ளிடத்தில் ஊற்றுப் பொங்குகிறதாம்! சும்மா ஊற்றில்லை, ஐயா. சந்தனம் மணக்கிற ஊற்று. நுரை கட்டி வருகிற ஊற்று. சித்திரை வெயிலில் ஆறு முழுக்க மணலாய்க் காய்ந்து கிடக்க, கரையோரம் ஒரே ஒரு குழியில் மட்டும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பஸ் டைம் மாதிரி சொல்லி வைத்த நேரத்துக்கு வருகிற ஊற்று!

விடுவார்களா நம் ஜனங்கள்? ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோ ஆட்டோவாக வந்தார்கள். சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள் வழியில் ஒரு எட்டு எட்டிப் பார்த்தார்கள். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். எல்லோர் கையிலும் கேன், பாட்டில், தூக்குவாளி. ஒருவர் டேங்கர் லாரி கொண்டுவரலாமா என்று கேட்டதாகவும் பேச்சு.

ஊற்றுக்குச் சொந்தக்காரர் சக்கரச் சித்தர். மற்ற சித்தர்கள் குகையில் இருப்பார்கள். இவர் கேரவனில் இருந்தார். சினிமாக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து மேக்கப் போடுவார்களே, அந்த மாதிரி வீட்டு வண்டி. கட்டில், ஏ.சி., அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. துறவு பலமாகத்தான் இருந்தது. அவர் வண்டியை எங்கே நிறுத்தினாலும் பாதாள கங்கை மோப்பம் பிடித்துப் பின்னாலேயே வந்துவிடுமாம். கங்கைக்கு வேறு வேலை இல்லை, பாவம்.

சித்தர் வண்டியின் படியில் உட்கார்ந்து வலது கையால் ஆசீர்வாதம் செய்வார். இடது கை மட்டும் வண்டிப் பக்கவாட்டில் தொங்கும் காவித் துணிக்குள் மறைந்திருக்கும். "அந்தக் கையிலதான் மொத்த சக்தியும் இருக்கு. யாரும் பாக்கக் கூடாது!" என்று சீடன் மாதவன் மைக்கில் எச்சரிப்பான். பிறகு சங்கு ஊதுவான். சித்தர் கண்ணை மூடுவார். பத்தடி தள்ளியிருக்கும் மணல் குழியில் குபுகுபுவென்று நுரை தள்ளும். "நுரை வந்தா கங்கை உக்கிரமா இருக்கான்னு அர்த்தம்!" என்பான் மாதவன். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஜனங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கொள்ளிடக் கரைக்காரர்கள் கோடையில் ஆற்றுமணலைக் கையால் பறித்து, கசிகிற தண்ணீரைத் தெளியவிட்டு, மொண்டு குடித்தவர்கள். மணலில் ஊறுகிற தண்ணீர் சுத்தம் என்பது அவர்கள் கண்ணால் கண்டது. அந்த நல்ல பழக்கத்தின் தோளில்தான் இந்த ஆள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கலைமதிக்கு இந்த ஊற்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அவள் புருஷன் பிச்சமுத்து ஆட்டோ ஓட்டுகிறவன். சர்க்கரை வியாதி. வலது காலில் கட்டைவிரல் பக்கம் ஒரு புண். மாத்திரையை விடாதே, புண்ணில் அழுக்குப் படாமல் கட்டு மாற்று என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "மாத்திரையும் தீர்த்தமும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடும் குழந்தாய்" என்றார் சித்தர். பிச்சமுத்து மாத்திரையை நிறுத்தினான். கட்டைப் பிரித்தான். தினமும் புண்காலைத் தீர்த்தத்தில் ஊறவைத்தான். பத்தாம் நாள் புண் கறுத்து, வீட்டுக்குள் நுழைந்தாலே வாடை அடித்தது. கலைமதி ஒற்றையாய் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "இன்னும் நாலு நாள் இப்படியே விட்டீங்கன்னா காலையே எடுக்கணும்மா" என்றார்.

கலைமதி வீட்டுக்கு வந்து, புருஷன் கால் வைத்திருந்த பேசினுக்குள் மூக்கை நீட்டினாள்.

"என்னங்க, இதுல சந்தன வாசனைக்கு அடியில எலுமிச்சம்பழ சோப்பு வாடை வருது."

"அது எலுமிச்சம்பழ வாசனைடி. அம்மனுக்கு உகந்தது."

"பதினோரு வருஷமா மெஸ்ஸுல பாத்திரம் கழுவுறேன். பழம் எது, சோப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அதான் விஷயம். பாத்திரம் தேய்க்கிறவளுக்கு எதைப் பாத்தாலும் கழுவுன தண்ணியாத்தான் தெரியும்."

கலைமதி பேசினின் அடியில் கைவிட்டு எதையோ பொறுக்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒரு சோற்றுப் பருக்கை. நாலைந்து கடுகு.

"பாதாளத்துல யாருங்க தாளிக்கிறது?"

பதில் வராத ஆம்பளை என்ன செய்வான்? சத்தம் போட்டான். "தெய்வ நிந்தனை பண்ணாத! தைரியமிருந்தா எல்லார் முன்னாடியும் நிரூபிச்சுக் காட்டு!"

"காட்டுறேன்" என்றாள் அவள்.

பக்கத்து வீட்டு ஜாஸ்லின், முக்கொம்புப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் கேரவன் நிறுத்துகிற முகாம் ஒன்றில் வண்டி சுத்தம் செய்கிற வேலை பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, எல்லா கேரவனுக்கும் அடியில ஒரு அழுக்குத் தண்ணி தொட்டி இருக்கும். குளிச்சது, பாத்திரம் கழுவுனது எல்லாம் அதுலதான் சேரும். நிறைஞ்சா, சாக்கடைக் குழாய் இருக்குற எடத்துக்கு வண்டியை ஓட்டிட்டுப் போயி, ஹோஸை மாட்டித் தொறந்து விடணும். எங்க கேம்ப்ல சிங்க்ல வலை போட்டு, சோத்துப் பருக்கையக்கூட வடிகட்டித் தனியா எடுத்துடுவோம். மண்ணுல, ஆத்துல ஒரு சொட்டு விட்டா மேனேஜர் வண்டியையே வெளிய அனுப்பிடுவாரு. அந்தக் கரையில எத்தனை பேரு குடிதண்ணிக்கு போர்வெல் போட்டிருக்காங்க!"

"அப்ப இந்த ஆளு?"

"ஓட்டிட்டுப் போகச் சோம்பல்பட்டு ஹோஸை மணலுக்குள்ள புதைச்சிருக்கான். நம்ம ஆளுங்க அதுக்குக் கற்பூரம் காட்டியிருக்காங்க. தொறக்குற கைப்பிடி வண்டிப் பக்கவாட்டுலதான் இருக்கும்க்கா."

மறுநாள் காலை கலைமதி மெஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு, ஜாஸ்லினோடும் நொண்டி நொண்டி வந்த பிச்சமுத்துவோடும் கொள்ளிடக் கரைக்குப் போனாள். சித்தர் கைங்கரியம் செய்ய ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார். கைங்கரியம் என்றால் என்ன? அவர் தின்ற தட்டை நாம் கழுவுவது. புண்ணியம் நமக்கு, பொங்கல் அவருக்கு! கலைமதி கைகூப்பி நின்றதும் மாதவன் சந்தோஷமாக வண்டிக்குள் ஏற்றிவிட்டான்.

சிங்க்கில் பாத்திரம் குவிந்து கிடந்தது. ஜன்னலோரம் எலுமிச்சம்பழப் படம் போட்ட சோப்புப் புட்டி. குளியலறையில் சந்தனச் சோப்பு, பெட்டி பெட்டியாக. கலைமதி இடுப்பில் செருகியிருந்த இரண்டு புட்டி சொட்டு நீலத்தை எடுத்தாள். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற அதே நீலம்தான். சொட்டுக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. இரண்டையும் சிங்க்கில் கவிழ்த்து, குழாயை நன்றாகத் திறந்துவிட்டுப் பாத்திரங்களைக் கழுவினாள்.

வெளியே சங்கு ஊதியது. சித்தர் கண்ணை மூடினார். துணிக்குள் இடது கை அசைந்தது.

குபுகுபு! நீலம்! பளீரென்ற நீலம்! குழி நிறைய நீல நுரை!

சித்தர் ஒரு கணம் திகைத்துத்தான் போனார். ஆனால் ஆள் லேசுப்பட்டவரா? அடுத்த கணமே வலது கையை வானத்துக்குத் தூக்கி, "நீலமேக சியாமளன்! ரங்கநாதனே இறங்கி வந்துட்டான்!" என்று அலறினார்.

அவ்வளவுதான். கூட்டம் தொபுக்கடீரென்று மணலில் விழுந்தது. இரண்டு அம்மாக்கள் சாமியாடினார்கள். கேன்கள் முட்டி மோதின. சந்தனத் தீர்த்தம் வாங்கிப் போனவர்கள், எங்களுக்கு நீலம் கிடைக்கவில்லையே என்று புலம்பினார்கள். பிச்சமுத்து புண்காலோடு முண்டியடித்துக் குழிக்குப் போய்க்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் கலைமதிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டு இந்தத் திருடனுக்கு நானே புது அற்புதம் செய்து கொடுத்துவிட்டேனே!

படியில் நின்ற சித்தரைத் தள்ளாத குறையாக இறங்கி, மாதவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"அது ரங்கநாதர் இல்லீங்க! சொட்டு நீலம்! இந்தா பாருங்க, காலிப் புட்டி. இப்பத்தான் உள்ள பாத்திரம் கழுவுற தொட்டியில ஊத்திட்டு வரேன். நீங்க குடிக்கிறது இவரு எச்சித் தட்டு கழுவுன தண்ணி!"

"யாருடா இவ? இழுத்து வெளிய போடுங்கடா!" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

"இழுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. சாமி இதுல ஒரு டம்ளர் மொண்டு குடிக்கட்டும். குடிச்சிட்டாருன்னா நான் சமயபுரத்துல மொட்டை போட்டுட்டு, உங்க எல்லார் கால்லயும் விழுறேன்!"

கூட்டம் யோசித்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக! அரிசி ஆலை முதலாளி பெரியண்ணன் தன் டம்ளரில் நீலத்தை மொண்டு, பயபக்தியோடு சித்தரிடம் நீட்டினார். "குடிங்க சாமி. அந்தம்மா வாய அடைச்சிடலாம்."

சித்தர் டம்ளரைப் பார்த்தார். டம்ளரில் ஒரு கறிவேப்பிலை மிதந்தது.

"இன்னைக்கு நாம விரதம்."

"தீர்த்தத்துக்கு ஏது சாமி விரதம்?"

"கொடுக்கப் பிறந்தவன் குடிக்கப்படாது..."

"எங்க ஒன்றரை வயசுப் பேத்தி குடிச்சிச்சே சாமி" என்றார் பெரியண்ணன். இப்போது பயமும் இல்லை, பக்தியும் இல்லை. டம்ளர் சித்தரின் உதட்டுக்குக் கிட்டே வந்தது. சித்தர் இரண்டு கைகளாலும் அதைத் தட்டிவிட்டார். ஜாஸ்லின் அதற்காகத்தான் காத்திருந்தாள். காவித் துணியைச் சரக்கென்று உருவினாள்.

வண்டிப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதற்குக் கீழே மணலுக்குள் போகிற ரப்பர் ஹோஸ். ஜாஸ்லின் கைப்பிடியைத் தள்ளினாள், பாதாள கங்கை நின்றது. இழுத்தாள், கங்கை வந்தது. தள்ளினாள், நின்றது. சங்குகூடத் தேவைப்படவில்லை. பிறகு ஹோஸை மணலிலிருந்து உருவி எல்லோருக்கும் காட்டினாள். அதன் வாயில் புடலங்காய்க் குடல் அடைத்திருந்தது.

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமா? ஒரு பக்கம் ஓங்கரிப்பு, ஒரு பக்கம் வசவு. சித்தர் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மாதவன் மைக்கைக்கூட வாங்காமல் டோல்கேட் பக்கம் ஓடினான். போலீஸ் வந்தது. மிச்சத் தண்ணீரோடு வண்டியை அதற்கென்று இருக்கிற சாக்கடைக் குழாய்க்கு ஓட்டவைத்து, சித்தர் கையாலேயே தொட்டியைக் காலி செய்யவைத்த பிறகுதான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். சக்தியுள்ள இடது கைக்கு முதல் தடவையாக ஒரு நல்ல வேலை கிடைத்தது.

கலைமதி அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. புருஷனை அவன் ஆட்டோவிலேயே பின்சீட்டில் போட்டு, தெரிந்த டிரைவர் ஒருவரை ஓட்டச் சொல்லி, நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டாள். இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. மயக்கம் தெளிந்த பிச்சமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு முட்டாப் பய, கலை" என்று அழுதான். "தெரியும். மாத்திரையைப் போடுங்க" என்றாள் அவள்.

அடுத்த கட்டில்காரரின் மனைவி மெதுவாகக் கிட்டே வந்தாள். "ஏம்மா, அந்த நீலத் தீர்த்தம் கொஞ்சம் மிச்சம் இருக்குமா? பொம்பளை கை பட்டுத்தான் அதுக்கு சக்தி போச்சுன்னு சொல்றாங்களே..."

கேட்டீர்களா கதையை! பாத்திரம் கழுவுகிறவள் ஒருத்தி மூக்கைப் பயன்படுத்தினாள், ஒரு கால் தப்பியது. மூக்கு உங்களுக்கும் இருக்கிறது, ஐயா. வாய்க்கு மேலேயே, கண்ணுக்குக் கீழேயே இருக்கிறது. எவன் எதை ஊற்றிக் கொடுத்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு முன்னால், தயவுசெய்து ஒரு தடவை முகர்ந்து பாருங்கள்!