நூறு போதாத யக்ஷி

யக்ஷி, சர்க்கார் கச்சேரி திறக்கும் நேரத்துக்கு வருவாள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் போவாள். வெயில் தாழ மறுபடி வந்து, விளக்கு வைப்பதற்குள் புறப்பட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை லீவு. மலையாளச் சீமையின் மற்ற யக்ஷிகள் இருட்டில், ஆளில்லாத வழியில், அவிழ்த்த கூந்தலோடு நிற்பார்களாம். பாலைமூட்டு இடவழியின் யக்ஷிக்கு இருட்டு ஆகாது. கூட்டம் வேண்டும், கூட்டத்தின் கையில் தட்டு வேண்டும், தட்டில் ஏதாவது வேண்டும்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. வலியசாலையிலிருந்து மடிசாரும், சாலைக் கடைத்தெருவிலிருந்து தலைப்பாகையும், ஆபீசுகளிலிருந்து கோட்டும் வரிசையில் நின்றன.

"மாமி, நீங்க என்ன கேக்கப் போறேள்?"

"பொண்ணுக்கு வரன் எப்போ திகையும்னுதான். நீ?"

"எங்காத்துக்காரருக்கு சூப்பிரண்டு வேலை கிட்டுமோன்னு."

"அதுக்குப் பரீட்சை எழுதணுமே?"

"எழுதி எழுதித் தோத்தாச்சு. அதனாலதான் இங்கே வந்திருக்கேன்."

நியாயம்தானே. பரீட்சை வைக்கிறவர்கள் எழுதியதைப் படித்துத் தொலைக்கிறார்கள். யக்ஷிக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை.

யக்ஷி நேரில் பேச மாட்டாள். திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த சாம்பசிவ ஸ்வாமிகள் மேல் இறங்கித்தான் பேசுவாள். தாணுமாலயன் பிள்ளையின் தோப்பில், பாலை மரத்தடியில், ஓலைத் தட்டி மறைத்துச் சிவப்புத் திரை கட்டி, உள்ளே ஸ்வாமிகள் இருப்பார். வெளியே ஒரு பருத்த சிஷ்யர். தட்டைத் துணியால் மூடித்தான் கொண்டுவர வேண்டும்.

"தட்டுல என்ன இருக்கு?" என்று சிஷ்யர் காதோடு கேட்பார். "தீட்டுப்பட்ட பொருள் உள்ளே போகக் கூடாது பாருங்க."

"கதலிப் பழம், சாமி."

சிஷ்யர் யக்ஷியிடம் உத்தரவு வாங்க உள்ளே போய் வருவார். சற்று நேரத்தில் திரைக்குள்ளிருந்து கீச்சுக்குரல் வரும்: "ஏட்டி, மூடிக் கொண்டாந்தா எனக்குத் தெரியாதா? கதலிப் பழம்லா கொண்டாந்திருக்கே."

ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மூடிய தட்டுக்குள் பார்க்கிற கண் மனிதக் கண்ணா? யாரோ ஒருவர் மட்டும், முந்நூறு வருஷமாக இந்த மரத்தில் இருக்கிற யக்ஷி ஏன் திருநெல்வேலித் தமிழ் பேசுகிறாள் என்று கேட்டார். "யக்ஷிக்குத் தெரியாத பாஷை உண்டாவே? மலையாளத்துல கேட்டா மலையாளம், இங்கிலீஷ்ல கேட்டா இங்கிலீஷ்" என்றார் சிஷ்யர். கேட்டவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சரி, முந்நூறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இப்போது ஏன் பேச வேண்டும்? அங்கேதான் நகரசபை வருகிறது.

பாலைமூட்டு இடவழி அகலமில்லாத சந்து. மாட்டுவண்டி எதிரே வந்தால் மனிதன் சுவரேற வேண்டும். அதை லாரி போகும் ரோடாக்குவதென்று தீர்மானம் ஆயிற்று. ஓவர்சியர் யோசுவா நூல் பிடித்தார். நூல் நேராகப் போய்த் தாணுமாலயன் பிள்ளையின் தோப்புக்குள் நுழைந்தது. பிள்ளை நகரசபை மெம்பர். ரோடு வேண்டும் என்று கையைத் தூக்கியவர்களில் முதல் கை அவருடையது. ரோடு பிறத்தியார் வீட்டு வழியாகப் போகும் என்று நினைத்துத் தூக்கிய கை அது. அந்தத் தோப்பில்தான் அவர் கொப்பரைக் கிடங்கு கட்டுவதாக இருந்தார்.

நூல் பிடித்த சில நாளில் ஸ்வாமிகள் வந்தார். வந்ததும் யக்ஷி சொன்னது இதுதான்: "என் மரத்துல கடப்பாரை பட்டா ரத்தம் கக்கிச் சாவியலே. ரோட்ட வடக்கே திருப்புங்க."

வடக்கே இருந்தது அடுத்த வீட்டுச் சீதாலக்ஷ்மியின் சமையற்கட்டும் கிணறும். யக்ஷிக்கு அந்தச் சமையற்கட்டின் மேல் என்ன விரோதமோ தெரியாது. சீதாலக்ஷ்மி வைக்கிற குழம்பு தெரு முழுக்க மணக்கும். விரோதம் வரக் காரணமில்லை.

ஓவர்சியர் புது நூலோடு கிணற்றடிக்கு வந்தபோது அவள் கேட்டாள்: "ஓவர்சியரே, நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரராச்சே. நீங்களுமா யக்ஷியை நம்பறேள்?"

"எனக்க சபையில யக்ஷி கிடையாது அம்மா. ஆனா பணிக்காரன்மாரு கடப்பாரைய தொட மாட்டேங்கானுவ. நான் ஒருத்தன் தனியா ரோடு வெட்ட ஒக்குமா?"

"அப்போ எங்காத்துக் கிணத்தை மட்டும் அவா தொடுவாளோ?"

"இங்க யக்ஷி இல்லியே அம்மா" என்றார் யோசுவா, நிஜமான வருத்தத்தோடு. "ஒண்ணு இருந்திருந்தா தப்பிச்சிருப்பிய."

அவள் புருஷன் நாகேஸ்வரன் நகரசபை ஆபீசிலேயே குமாஸ்தா. எல்லார் வீட்டுச் சங்கதியிலும் மேற்கொண்டு நடவடிக்கைக்கு என்று எழுதுகிறவர். தன் வீட்டுச் சங்கதியில் வாயே திறக்கவில்லை.

"மெம்பரை எதுத்துண்டு நான் எப்படி ஜீவிக்கிறது?"

"சமையற்கட்டு இல்லாம எப்படி ஜீவிக்கிறதாம்?"

"நாளைக்கு நகரசபைப் பிரசிடெண்டே நேரா வந்து கேக்கப் போறார். யக்ஷி சொன்னதை எல்லாரும் கேட்டா, அங்கேயே புது பிளானில் கையெழுத்து. நம்ம கையில் என்ன இருக்கு?"

சீதாலக்ஷ்மி முறத்தைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கட்டே. அந்தச் சிஷ்யன் தட்டிலே என்னன்னு கேக்கறானே, எதுக்கு?"

"சுத்தமான்னு பாக்க."

"அவன் எங்கே பாக்கறான்? துணியைத் தூக்கறதில்லையே. கேக்கறான், உள்ளே போறான், அவ்வளவுதான்."

"யக்ஷிகிட்டே உத்தரவு வாங்க."

"எல்லாம் தெரிஞ்சவளுக்குத் தட்டிலே என்னன்னு போய்ச் சொல்லணுமா?"

நாகேஸ்வரன் எழுந்து கைகால் அலம்பப் போனார். குமாஸ்தா வேலையில், மேலே கேட்காமல் இருப்பதும் ஒரு திறமை.

மறுநாள் தோப்பில் கால் வைக்க இடமில்லை. பிரசிடெண்டு நாற்காலியில் இருந்தார். யோசுவா பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். கூலியாட்கள் கடப்பாரையோடு தள்ளி நின்றார்கள், மரத்துக்கு எட்டாத தூரத்தில்.

"எனக்கு என் தோப்பு பெரிசில்ல" என்று தாணுமாலயன் பிள்ளை கைகூப்பினார். "போனாப் போவுது. ஆனா ஜனங்க சாவக் கூடாதுல்லா. யக்ஷி என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படுதேன்."

தியாகி. கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சீதாலக்ஷ்மி மூடிய தட்டோடு முன்னால் வந்தாள். சிஷ்யர் குனிந்தார்.

"தட்டுல என்ன?"

அவள் அவரைப் போலவே காதோடு, மலையாளத்தில் சொன்னாள்: "நூறாணு."

சிஷ்யரின் முகம் விளக்கேற்றியது போல ஆயிற்று. இதுவரை அந்த வரிசையில் பழமும் தேங்காயும்தான் வந்திருந்தன. உத்தரவு வாங்க அவர் ஓடிய வேகத்தில் திரை கிழிந்திருக்கும்.

சீதாலக்ஷ்மி உரக்கக் கேட்டாள்: "அம்மே, எனக்கு ஒரு சம்சயம். என் தட்டிலே இருக்கறது உங்களுக்குத் தெரியறதா?"

"தெரியாம என்னட்டி?" கீச்சுக்குரல் குழைந்தது. "பளபளன்னு கண்ணு கூசுது. ராசா தலை போட்ட வெள்ளி ரூவா. நூறு."

கூட்டம் மூச்சை இழுத்தது. ஒரு குமாஸ்தா பெண்டாட்டி தட்டில் நூறு ரூபாயா? நாகேஸ்வரன் மயக்கம் போட்டு விழாதது அன்றைக்கு நடந்த ஒரே அற்புதம்.

"இது போருமோ அம்மே?"

"நூறு எந்த மூலைக்கு? ஐந்நூறு கொண்டா. ரோட்ட உன் வீட்டுக்கும் அந்தாண்ட தள்ளி விடுதேன்."

தாணுமாலயன் பிள்ளை திரையைப் பார்த்து இருமினார். அவர் கூலி கொடுத்து அழைத்து வந்த யக்ஷி, ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சீதாலக்ஷ்மி துணியை எடுத்தாள். தட்டில் இரண்டு வெற்றிலை. பக்கத்தில் ஒரு பித்தளைக் கரண்டகம். மூடியைத் திறந்து பிரசிடெண்டு முன்னால் நீட்டினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

முதலில் கூலியாட்களின் தலைவன் சிரித்தான். அவனைத் தொட்டு வரிசை சிரித்தது. மடிசாரும் தலைப்பாகையும் கோட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டன. மலையாளத்தில் வெற்றிலைச் சுண்ணாம்புக்கு நூறு என்றுதான் பெயர். எண்ணுகிற நூறுக்கும் அதே பெயர். அதுவும் யக்ஷி என்றால், வழியில் போகிறவனை நிறுத்தி முதலில் கேட்பதே வெற்றிலைக்குக் கொஞ்சம் நூறுதான். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் இந்த ஊரில் அது தெரியும். தெரியாத யக்ஷி இவள் ஒருத்திதான்.

"பிரசிடெண்டு அவர்களே, நூறுன்னு நான் சொன்னது இந்தச் சிஷ்யன் காதுக்கு மாத்திரமாக்கும்" என்றாள் சீதாலக்ஷ்மி. "உள்ளே போனது அந்தச் சொல்தான். ரூபாய் அங்கே போய் முளைச்சது."

தாணுமாலயன் பிள்ளை கடைசியாக ஒரு கை பார்த்தார். "யக்ஷி பாண்டி நாட்டுல இருந்து வந்தவளா இருக்கும். மலையாளம் கொஞ்சம் முன்ன பின்ன..."

"அப்படின்னா சங்கதி வேற" என்றார் யோசுவா, பிளானைப் பிரித்துக்கொண்டே. "வெளியூர்க்காரி நகரசபை எல்லைக்குள்ள குடியிருக்கணும்னா அப்ளிகேஷன் தரணும். மரத்துக்கு மேல கட்டடம்னா தனி லைசன்ஸ். மெம்பரே, யக்ஷி எதுனாலும் தந்திருக்காளா?"

பிரசிடெண்டு திரையை விலக்கச் சொன்னார். உள்ளே ஸ்வாமிகள் இல்லை. பின்பக்கத்து ஓலையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. மூடிய தட்டுக்குள் பார்க்கிற கண், ரயில் நேரத்தையும் பார்த்து வைத்திருந்தது போலிருக்கிறது. சிஷ்யருக்கு உடம்பு கனம். ஓட்டையில் பாதியில் நின்றார்.

அன்று மாலையே கடப்பாரை மரத்தில் பட்டது. வெட்டினவன் ரத்தம் கக்கவில்லை. வெற்றிலை எச்சிலைத்தான் துப்பினான். வெற்றிலை சீதாலக்ஷ்மியின் தட்டிலிருந்தும், நூறு அவள் கரண்டகத்திலிருந்தும் போயின. நூல் முதலில் பிடித்தபடியே நேராகப் போயிற்று. கிணறு தப்பியது. குழம்பு தெரு முழுக்க மணத்தது.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். மனிதர்கள் விடுவதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் சீதாலக்ஷ்மியின் சமையற்கட்டு வாசலில் வரிசை நின்றது. அதே மடிசார், அதே மாமி.

"என்ன மாமி?"

"யக்ஷியையே ஓட்டினவளாச்சேடீ நீ. உன் கையிலே ஏதோ சக்தி இருக்குன்னு தெருவெல்லாம் பேச்சு. அந்தச் சுண்ணாம்பு ஒரு துளி தா. பொண்ணு நெத்தியிலே இட்டா வரன் திகையுமாம்."

சீதாலக்ஷ்மி கரண்டகத்தைத் திறந்தாள். மாமி கையேந்தினாள். கையில் ஒரு துளி விழுந்தது.

"தரேன், மாமி. வெத்தலைக்குப் போடுங்கோ, மிஞ்சினா சுவருக்கு அடிங்கோ. நெத்திக்கு வேண்டாம். உங்க நெத்திக்கு உள்ளே ஏற்கெனவே நல்லா வெள்ளையடிச்சிருக்கு. முதல்லே அதைச் சுரண்டுங்கோ."