நாலாவது முடிச்சு

பொறாமை வந்தால் எனக்குக் கண் தெரியாது. இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அண்ணன் கல்யாண மேடையில், ஊரே பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு நான் செய்த காரியத்துக்கு வீடியோ ஆதாரம் இருக்கிறது.

எங்கள் வீட்டு வழக்கப்படி தாலியில் மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு மட்டும். மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு. அவருடைய அக்கா, தங்கை போட வேண்டும். அண்ணனுக்கு நாங்கள் இரண்டு பேர். ஆளுக்கொன்று என்று நானாக முடிவு செய்து, ஜன்னல் கம்பியில் ரிப்பனைக் கட்டி ஒரு வாரம் பழகியும் வைத்திருந்தேன்.

முந்தின நாள் அத்தை (அப்பாவின் தங்கை; எங்கள் குடும்பத்துச் சாஸ்திரம் மொத்தமும் அவர் வாயில்தான்) தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டையும் தனமே போடட்டும். கல்யாணமாகாத புள்ள தாலிக்கயித்தைத் தொட்டா அதுக்கு வரன் தள்ளிப் போகும்."

"போனாப் போகட்டும் அத்தை. எனக்கென்ன அவசரம்?"

"நீ பொண்ணு மாலையைத் தூக்கிப் பிடி. அதுவும் பெரிய வேலைதான்."

அது பெரிய வேலை இல்லை. தனம் அக்கா எழுமலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவனியாபுரத்து வீட்டில் அண்ணனுக்குத் தினமும் டீ போட்டது நான். அவன் காதல் வெளியே தெரிந்தபோது அப்பாவிடம் திட்டு வாங்கியதும் நான். முடிச்சு மட்டும் அவளுக்கா? வயிறு எரிந்தது. கல்யாணத்தன்று நான் கட்டியிருந்ததுகூட அவளுடைய முகூர்த்தப் பட்டுதான். (அவளைவிட எனக்குத்தான் எடுப்பாக இருந்தது. ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை.)

வில்லாபுரத்து மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டியது. அண்ணன் ஒரு முடிச்சுப் போட்டான், அக்கா இரண்டு போட்டாள். மதினியின் மாலையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் குனிந்திருந்த எனக்கு, கயிற்றில் இன்னும் நீளம் மிச்சமிருப்பது தெரிந்தது. அக்கா கையெடுத்ததுதான் தாமதம், மாலையை முழங்கையில் ஏற்றிக்கொண்டேன். அட்சதை முகத்தில் வந்து கொட்டியது. கண்ணை இறுக மூடி, கைக்கு அகப்பட்டதைச் சேர்த்து நாலாவதாக ஒரு முடிச்சுப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.

மதினி எழுந்தார். நானும் எழுந்தேன். அவர் ஓர் அடி வைத்தார், நானும் வைத்தேன். வேறு வழியில்லை. என் முந்தானைக் குஞ்சம் தாலிக்கயிற்றோடு முடிச்சுக்குள் இருந்தது.

"ஏய், விடு," என்றான் அண்ணன் மெதுவாக.

"விட முடியலண்ணே."

அக்கா முடிச்சில் கைவைக்கப் போனாள். அத்தை தடுத்துவிட்டார்.

"கட்டுன முடிச்சை அவுக்கக் கூடாது. மேடையில கத்திரிக்கோலும் ஆகாது. நல்ல நேரம் போகுது, அப்படியே சுத்துங்க."

சுற்றினோம். அக்கினியை மூன்று தரம், மூன்று பேர். முதுகை வளைத்தபடி மதினியின் பின்னால் நான் ஓட, முன்வரிசையில் ஒருவர், "மாப்ளைக்கு ரெண்டு பொண்ணா?" என்று நிஜமான சந்தேகத்துடன் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுற்றி முடித்ததும் அக்கா வந்தாள். அறையப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் குனிந்து, தன் முகூர்த்தப் பட்டின் குஞ்சத்தைத் தானே பல்லால் கடித்து அறுத்தாள்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா ஒண்ணு குடுத்திருப்பேன்ல, கழுத," என்றாள், வாயில் நூலோடு.

அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்கு அவள்மேல் பொறாமை இல்லை.

சில மாதம் கழித்து மதினி புதுக் கயிறு மாற்றினார். பழைய கயிற்றில் என் முடிச்சை அவிழ்க்க ஓர் ஊக்கும் அரைமணி நேரமும் தேவைப்பட்டன. அதற்கு அடியிலிருந்த அக்காவின் முடிச்சுகள் இரண்டும் உடனே கழன்றுவிட்டன. இதை நான் கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

இன்றைக்கும் அண்ணனோடு வெளியே கிளம்பினால் மதினி கழுத்துக்குப் பின்னால் தடவிப் பார்க்கிறார்.

"என்ன தேடுற?" என்பான் அண்ணன்.

"ஒந்தங்கச்சி ஒட்டிக்கிட்டு வாராளான்னு பாக்குறேன்."

வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் கேட்காது. அதற்குள் நான் ஆட்டோவில் ஏறி, நடுவில் உட்கார்ந்திருப்பேன்.