நெடும்பாறைக்கு ஒரு 'தி'

ஒரு காட்டில் ஆங்கில இலக்கணம் தெரிந்த கீரி ஒன்று இருந்தது. மற்றபடி அந்தக் காட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

காட்டின் பெயர் நெடும்பாறை. கீரியின் பெயர் தீத்தாரப்பன். பாம்பு பிடிக்கிற குலத்தில் பிறந்தும் அவர் பாம்புப் பக்கம் போனதில்லை. யாராவது பேசும்போது பிழை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்து, வந்த பிழையைக் கவ்விப் பிடித்து, நாலு உதறு உதறிக் கீழே போடுவதில்தான் அவருக்கு ருசி. காலையில் புங்கமரத்தடியில் வகுப்பு நடக்கும். மான்களும் முயல்களும் வந்து உட்கார்ந்து, "ஐ ஆம், யூ ஆர்" என்று சொல்லிவிட்டு மேயப் போகும். அவருடைய மனைவி செண்பகவடிவு மட்டும் வகுப்புக்கு வந்ததே இல்லை. பிள்ளைகளுக்கு ஓணான் பிடித்துப் போடுகிற நேரம் அது.

அந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. அதனால் மலைக்கொழுந்து என்ற கரடி தலைவராக இருந்தார். அவர் ஒருமுறை உலகக் காடுகள் மாநாட்டுக்குப் போய்வந்தார். போகும்போது தேனடையைக் கண்ட முகம். வரும்போது தேனீயைக் கண்ட முகம். நேராகப் புங்கமரத்தடிக்கு வந்து, மான்களை எழுப்பி அனுப்பிவிட்டு, வாத்தியார் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, என்னை அவமானப்படுத்திட்டாங்க."

"யாரு தலைவரே?"

"மைக்கைப் பிடிச்சிருந்த கொக்கு. ஒவ்வொருத்தரா மேடைக்குக் கூப்பிட்டுது. 'தி நெதர்லாண்ட்ஸ்'னுது, ஒரு நீர்நாய் எந்திரிச்சுப் போச்சு. 'தி பிலிப்பைன்ஸ்'னுது, ஒரு கழுகு போச்சு. 'தி மால்டீவ்ஸ்'னுது, ஒரு நண்டு. இத்துனூண்டு நண்டு வாத்தியாரே, அதுக்கும் ஒரு 'தி'! என் முறை வந்ததும் மொட்டையா 'நெடும்பாறை'னுது. நான் எந்திரிக்கவே இல்ல."

தீத்தாரப்பனுக்கு வால் நுனிவரை மயிர் சிலிர்த்தது. ஒரு தலைவர் தானாக வந்து ஆர்ட்டிகிளைப் பற்றிக் கேட்பார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. "போகட்டும், விடுங்க" என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மரியாதைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல தலைவரே. இது இலக்கணம். நாட்டுப் பேருக்கு முன்னாடி பொதுவா 'தி' வராது. பேரு பன்மையில இருந்தா வரும். தீவுக்கூட்டமா இருந்தா வரும். இல்லேன்னா யுனைடெட், ரிபப்ளிக், கிங்டம்னு ஏதாவது ஒரு வார்த்தை பேருக்குள்ள இருக்கணும்."

"அப்ப ரிபப்ளிக்னு போட்டுருவோம்."

"போடலாம். ஆனா அது முழுப்பேருக்கு மட்டும்தான் ஆகும். இந்தியாவுக்கும் முழுப்பேரு 'தி ரிபப்ளிக் ஆஃப் இந்தியா'தான். கூப்பிடறப்ப யாரு சொல்றா?"

"எனக்குக் கூப்பிடறப்பவே வேணும்."

"அப்படின்னா யுனைடெட்தான் சரி. ஒண்ணா சேர்ந்ததுன்னு அர்த்தம்."

"நாம ஒண்ணாத்தானே இருக்கோம்?"

"ஒண்ணா இருக்கறது வேற, ஒண்ணா சேர்ந்தது வேற தலைவரே. சேரணும்னா முதல்ல பிரிஞ்சிருக்கணும்."

இதை அவர் ஓர் இலக்கணக் குறிப்பாகத்தான் சொன்னார். கரடியோ அதை ஒரு திட்டமாகக் காதில் வாங்கிக்கொண்டார்.

மறுவாரமே திட்டம் அறிவிக்கப்பட்டது. காலையில் காடு மூன்றாகப் பிரியும். மத்தியானம் மூன்றும் ஒன்றாகச் சேரும். சாயங்காலத்துக்குள் 'தி யுனைடெட் நெடும்பாறை' ஆகிவிடும். பாறையும் சுனையும் இருக்கிற பகுதி மேடு. காட்டுப்பன்றிகள் இருக்கிற பகுதி ஓடை. மந்திகள் இருக்கிற பகுதி மூங்கில். கரடியே முன்னால் நடந்து, மரத்துக்கு மரம் நகத்தால் கீறி எல்லை போட்டார். விடியும்போது யார் எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அவர்கள் அந்த நாடு என்று முடிவாயிற்று.

எல்லைக்கோடு தீத்தாரப்பனின் வளைக்கு மேலாகப் போனது. வளைக்கு இரண்டு வாசல். அன்று விடியற்காலையில் அவர் விழா வேலையாக மேட்டு வாசல் வழியே வெளியே வந்தார். செண்பகவடிவு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மூங்கில் வாசல் வழியே இரை தேடப் போனாள். மத்தியானம் சேரப்போகிற நாடுகள்தானே என்று இருவரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மூன்று நாட்டு மக்களையும் எப்படி அழைப்பது என்ற பொறுப்பு வாத்தியாரிடம் வந்தது. அவர் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் யோசித்து வைத்திருந்தார். இந்தியாவுக்கு இந்தியன் என்பதுபோல மேட்டுக்கு மேட்டியன். ஜப்பானுக்கு ஜாப்பனீஸ் என்பதுபோல மூங்கிலுக்கு மூங்கிலீஸ். அயர்லாந்துக்கு ஐரிஷ் என்பதுபோல ஓடைக்கு ஓடையிஷ். எல்லோரும் கைதட்டினார்கள். கரடி ஒரே ஒரு உத்தரவு போட்டார்.

"நாம சேர்ற நிமிஷம் வரைக்கும் 'தி'யை யாரும் வாயில எடுக்கக்கூடாது, எழுதவும் கூடாது. அது புதுசா இருக்கணும்."

மத்தியானம் மேடையில் எல்லோரும் கூடினார்கள். சேரப்போகிற நேரத்தில் பன்றித் தலைவர் எழுந்து, "வாத்தியாரே, ரெட்டிஷ்னா என்ன?" என்று கேட்டார்.

"சிவப்பு மாதிரி இருக்கறது. முழுச் சிவப்பு இல்ல."

"அப்ப ஓடையிஷ்னா ஓடை மாதிரி, முழு ஓடை இல்ல. அப்படித்தானே? நாங்க என்ன அரைகுறையா?"

வாத்தியார் விளக்கப் போனார். இங்கிலீஷ் என்ற சொல்லே அப்படித்தான் முடிகிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பன்றிகள் மேடையை முட்டிச் சாய்த்துவிட்டுப் போய்விட்டன. சேருவது இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கோடை அதற்குள் வந்துவிட்டது.

ஓடை வற்றியது. பன்றிகள் மணலில் ஊற்றுத் தோண்டிச் சமாளித்தன. மூங்கில் பக்கம் ஒரு சொட்டு இல்லை. மேட்டில் இருந்த சுனையில்தான் தண்ணீர் கிடந்தது. கரடி நல்லவர். அண்டை நாட்டுக்கும் தண்ணீர் கொடுக்கச் சம்மதித்தார். வாத்தியார் பலகை எழுதினார். 'மேட்டியன்ஸ், மூங்கிலீஸ் இங்கே தண்ணீர் குடிக்கலாம்' என்று நல்ல ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதினார். காவலுக்கு முள்ளம்பன்றி நின்றது. அது வாத்தியாரிடம் படித்த மாணவன்.

முதல் நாள் மந்திகள் கூட்டமாக வந்தன. முள்ளம்பன்றி முள்ளை விரித்து மறித்தது.

"ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க."

"ஏம்ப்பா?"

"மேட்டியன்ஸ்னு போட்டிருக்கு, எஸ் இருக்கு, எத்தனை பேரு வேணா வரலாம். மூங்கிலீஸ்க்கு எஸ் சேர்க்கல. விடியக்காலையில ஒரு மந்தி தனியா வந்து, 'ஐ ஆம் எ மூங்கிலீஸ்'னு சொல்லிட்டுப் போச்சு. அதே வார்த்தைதான் பலகையிலயும் இருக்கு. அப்ப ஒருத்தர்தான். அவர் குடிச்சு, ஊர் போய்ச் சேர்ந்தப்புறம் அடுத்தவர்."

வரிசை மூங்கில் காட்டையும் தாண்டி நீண்டது. வாத்தியார் கரடியிடம் ஓடினார்.

"தலைவரே, 'தி மூங்கிலீஸ்'னு ஒரு வார்த்தை சேர்த்தா போதும். அந்த நாட்டு ஜனங்க மொத்தமும்னு அர்த்தமாயிடும்."

"அந்த 'தி'க்காகத்தான் இவ்வளவு பாடுபடறோம். அதை எடுத்துக் குரங்குக்குக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று கரடி கேட்டார்.

எல்லையைத் தாண்டக்கூடாது என்றாலும், வளையின் நடுவில் புருஷனும் பெண்டாட்டியும் இன்னும் பேசிக்கொள்ள முடிந்தது. செண்பகவடிவு அன்று அங்கே காத்திருந்தாள்.

"ஏங்க, கடைக்குட்டிக்கு நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அந்தப் பலகையில ஒரு எஸ் போட்டுருங்களேன்."

"அது பிழை, வடிவு."

"என்ன பிழை?"

"ஈஸ்னு முடிஞ்சா எஸ் சேராது. ஒரு ஜாப்பனீஸ், பத்து ஜாப்பனீஸ். ஒரு சைனீஸ், ஆயிரம் சைனீஸ். எஸ் போட்டா சிரிப்பாங்க."

"அவங்க வீட்டுலயெல்லாம் தண்ணி இருக்குங்க."

தீத்தாரப்பனுக்கும் பிள்ளைகள்மேல் பாசம் உண்டு. ஆனால் எழுதியது சரி. சரியாக எழுதியதை எப்படித் திருத்துவது என்று அவருக்குப் புரியவில்லை. ராத்திரி முழுக்க மேட்டு வாசலில் படுத்துப் புரண்டார்.

மறுநாள் உச்சிவெயிலில் செண்பகவடிவின் முறை வந்தது. பின்னால் மூன்று பிள்ளைகள். முள்ளம்பன்றி விரலை நீட்டி ஒன்று என்று காட்டியது.

"தம்பி, இது உங்க வாத்தியார் பிள்ளைங்க."

"தெரியும்க்கா. அவருதான் இலக்கணத்துக்குச் சொந்தபந்தம் கிடையாதுன்னு சொல்லிக்குடுத்தாரு."

தான் குடிப்பதா, பிள்ளையை விடுவதா என்பதில் அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கடைக்குட்டியைப் பிடித்து உள்ளே தள்ளினாள். குட்டி தட்டுத்தடுமாறிச் சுனை விளிம்புக்குப் போய் எட்டிக் குனிந்தது. கோடையில் தண்ணீர் கீழே போயிருந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தது. பாசியில் கால் வழுக்கித் தலைகுப்புற விழுந்தது. செண்பகவடிவு பாய்ந்தாள். முள்ளம்பன்றி முதுகை அவள் முகத்துக்கு நேரே திருப்பியது.

அந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்த தீத்தாரப்பன் அலறல் கேட்டு ஓடிவந்து குதித்தார். அவர் மேட்டியன், அவரை யாரும் தடுக்கவில்லை. குட்டியின் பிடரியைக் கவ்வி மேலே ஏற்றினார். அது தண்ணீரைக் கக்கி, இருமி, அழ ஆரம்பித்தது. அவர் நனைந்த உடம்போடு பலகையருகே போனார். கரித்துண்டை எடுத்தார். மூங்கிலீஸ் என்ற வார்த்தையின் கடைசியில், உலகத்தில் எந்த இலக்கணமும் ஒப்புக்கொள்ளாத அந்த எஸ்ஸைப் போட்டார்.

"மூங்கிலீஸஸ்" என்று முள்ளம்பன்றி எழுத்துக்கூட்டிப் படித்தது. "சரி, எல்லாரும் வாங்க."

எல்லோரும் குடித்தார்கள். செண்பகவடிவும் பிள்ளைகளும் வயிறு நிறையக் குடித்தார்கள். ஆனால் அவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே வளையின் நடுவில் சுனைக்கரைச் சேற்றை அள்ளிவந்து வைத்துச் சுவர் எழுப்பிவிட்டாள்.

"உங்க பக்கம் நீங்க இலக்கணத்தோட இருங்க. எங்க பக்கம் நாங்க பிழையோட இருந்துக்கிடுறோம்" என்று சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

இதற்குப் பிறகு மூன்று நாடுகளும் சமாதானமாகிச் சேர்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. உலகத்தில் எந்த ஈஸுக்கும் இல்லாத எஸ் தங்களுக்கு மட்டும் கிடைத்ததில் மந்திகளுக்குத் தலைகால் புரியவில்லை. சேர்ந்தால் அந்த எஸ் போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட, சேருவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். தங்களுக்கும் ஓர் எஸ் தரும்வரை பேச்சுவார்த்தை கிடையாது என்று பன்றிகள் சொல்லிவிட்டன. மழை வந்தது. சுனை நிறைந்தது. எல்லைக்கோட்டில் முள்வேலி வளர்ந்து, அதன்மேல் கொடியும் படர்ந்து பூத்துவிட்டது.

மறுவருஷம் மாநாட்டு அழைப்பு வந்தது. கரடி அதைப் பிரிக்க மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு வாத்தியாரிடம் வந்தார். இளைத்திருந்தார்.

"நீங்களே படிங்க. மறுபடி மொட்டையாத்தான் போட்டிருப்பான்."

தீத்தாரப்பன் படித்தார். நிறுத்தினார். மறுபடி படித்தார்.

"தலைவரே, 'தி' இருக்கு."

"எங்க?"

"இதோ. 'தி ஃபார்மர் நெடும்பாறை'."

கரடி யோசித்தார். "ஃபார்மர்னா விவசாயிதானே? நாம எப்ப விவசாயம் பண்ணோம்?"

"அது வேற தலைவரே. இதுக்கு முன்னாள்னு அர்த்தம். முன்னாள் நெடும்பாறை. அதாவது, முன்ன இருந்தது, இப்ப இல்லாதது. அந்த வார்த்தை முன்னாடி வந்தா நாட்டுப் பேருக்கும் 'தி' வந்தே ஆகணும். இலக்கணம் அப்படி."

"கூப்பிடறப்பவும் வருமா?"

"கூப்பிடறப்பவும் வரும். இனிமே யாராலயும் எடுக்க முடியாது."

கரடியின் கண் கலங்கியது. அழைப்பிதழை மார்போடு அணைத்துக்கொண்டார். "வாத்தியாரே, உங்களாலதான்" என்று சொல்லிக் கீரியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார். மேடு முழுக்க ஆடியது. மரத்துக்கு மரம் தேன் வழங்கப்பட்டது.

தீத்தாரப்பன் மெதுவாகக் கீழே இறங்கி வளைக்குள் போனார். சேற்றுச் சுவரருகே உட்கார்ந்தார்.

"வடிவு, கேட்டியா? நமக்கு 'தி' வந்துடுச்சு."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தண்ணியைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

அவர் நினைவிலிருந்து அழைப்பை ஒருமுறை வரிவரியாகச் சொல்லிப் பார்த்தார்.

"இல்ல. ஆனா ஒரு பிழைகூட இல்ல."

நீதி: உயிரோடு இருக்கும்வரை மொட்டைப் பெயர்தான், இல்லாமல் போனபின் 'தி' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எனவே மரியாதையை விரும்புவோர் காலந்தாழ்த்தாமல் முன்னாள் ஆகிவிடுவது உத்தமம்.